அகழியில் படிந்த பெங்களூரு

கே.ஆர். மார்க்கெட் மெட்ரோ நிலையத்தின் படியேறி வெளியே வந்தால் பூவாசம் எதிர்கொள்கிறது. சாமந்தியும் கனகாம்பரமும் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. கன்னடத்தில் தொடங்கும் பேரம் தெலுங்கிலோ தமிழிலோ போய் முடிகிறது. 1928-ல் எழுந்த இந்தச் சந்தை நிற்கும் இடத்தில் முன்பு சித்திக்கட்டே என்ற நீர்நிலை இருந்தது. அதற்கும் முன்னால் இது போர்க்களம். 2012-ல் மெட்ரோ தடத்துக்காக இந்தப் பகுதியில் மண்ணைத் தோண்டியபோது இரண்டு இரும்புப் பீரங்கிகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு டன் எடை. கூடவே பீரங்கிக் குண்டுகளும் கிடைத்தன. மைசூரை ஆண்ட ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தவை என்று சொல்லி அவற்றைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைத்தார்கள். செய்தித்தாள்களில் படம் வந்தது. பிறகு பணி தொடர்ந்தது.

பீரங்கிகள் கிடைத்த செய்தியைப் படித்த நாளிலிருந்து என் மனத்தில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. இரும்பு கண்ணில் பட்டது, எடுத்தார்கள். அதைச் சுற்றியிருந்த மண் என்ன ஆயிற்று? கரித்துண்டும் உடைந்த சட்டியும் வண்டலும் கலந்த அந்த மண், லாரிகளில் ஏறி நகரத்துக்கு வெளியே எங்கோ ஒரு பள்ளத்தில் போய்க் கொட்டியிருக்கும். கோட்டை பார்க்கப் போகும் எல்லோரும் மதிலைத்தான் பார்க்கிறோம். இந்தப் பயணத்தில் நான் அகழியைத் தேடிப் போனேன்.

டெல்லி வாசல்

சந்தையிலிருந்து சில நிமிட நடையில் கோட்டையின் மிச்சம் நிற்கிறது. பேருந்துகளின் புகைக்கும் ஆட்டோக்களின் இரைச்சலுக்கும் நடுவே, கருங்கல் கட்டைகளைச் சாந்து தெரியாமல் இழைத்து அடுக்கிய ஒரு மதில். அதில் உயரமான ஒரு வாயில். இதை டெல்லி வாசல் என்கிறார்கள். உள்ளே நுழைந்தால் பாதை நேராகப் போகாமல் திரும்புகிறது. முட்டி மோதி வரும் படையை மடக்கி நிறுத்தி, மேலிருந்து தாக்குவதற்கான அமைப்பு அது. சுவரில் தாமரையும் யானையும் மயிலும் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பிள்ளையார் கோயிலில் விளக்கு எரிகிறது. வெளிப்புறத்தில் ஒரு கல்வெட்டுப் பலகை, 1791 மார்ச் 21 அன்று பிரிட்டிஷ் படை இந்த உடைப்பின் வழியாகத் தாக்கியது என்று ஆங்கிலத்தில் அறிவிக்கிறது.

இன்று எஞ்சியிருக்கும் இந்தச் சிறு துண்டை வைத்து முழுக் கோட்டையைக் கற்பனை செய்வது கடினம். வடக்கே இந்த டெல்லி வாசல். தெற்கே மைசூர் வாசல். இரண்டுக்கும் இடையில் முட்டை வடிவில் சுற்றிவரும் மதில். சுற்றளவு ஏறத்தாழ ஒரு மைல். மதில் நெடுக 26 கொத்தளங்கள். அவற்றின் காலடியில், கொத்தளங்களிலிருந்து சுடும் குண்டுகளுக்கு முழுக்க ஆட்பட்டபடி, அகலமான ஓர் அகழி. தெற்கே சிக்கதேவராஜ உடையார் காலத்தில் விரிந்த மண்கோட்டையை ஹைதர் அலி 1761-ல் கல்லால் எடுத்துக் கட்டியபோது உருவான வடிவம் அது. உள்ளே திப்புவின் தேக்குமர அரண்மனை 1781-ல் தொடங்கி 1791-ல் முடிந்தது. அதன் பக்கத்தில் உடையார் காலத்து வெங்கடரமண சுவாமி கோயில். அரண்மனையும் கோயிலும் இன்றும் இருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்திருந்த மதிலையும் அகழியையும்தான் காணவில்லை. விக்டோரியா மருத்துவமனை, வாணி விலாஸ் மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி, பள்ளிகள், பேருந்து நிலையம் என்று பழைய கோட்டையின் நிலத்தை ஒவ்வொன்றாக நகரம் எடுத்துக்கொண்டது.

இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. 1791-ல் பறிகொடுத்த கோட்டையை ஆங்கிலேயரோடு செய்த 1792 உடன்படிக்கைக்குப் பிறகு திரும்பப் பெற்ற திப்பு, ஆங்கிலேயர் படைக்கு எதிராக அது நிற்காது என்று கண்டு அதை இடித்தார். 1800-ல் இந்த வழியே வந்த பிரான்சிஸ் புக்கானன் இதைக் குறித்து வைத்திருக்கிறார். பின்னர் திவான் பூர்ணய்யா பழுது பார்த்தார். 1831 முதல் 1868 வரை திப்புவின் அரண்மனையிலேயே அரசுச் செயலகம் இயங்கியது. பிறகு அலுவலகங்கள் அட்டாரா கச்சேரிக்குப் போயின. இராணுவத் தேவை போன பிறகு கோட்டை மதில் கல்லுக்கு ஆனது. அகழி மண் கொட்டும் இடமானது. மதிலை இடித்தால் கல் வேறிடம் போய்விடும். அகழியைத் தூர்த்தால் உள்ளே கிடப்பது அங்கேயே புதைந்துவிடும். தொல்லியல் நோக்கில் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

முள்வேலியும் பேட்டையும்

பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை 1791 மார்ச் 5 அன்று பெங்களூருக்கு முன்னால் வந்து இறங்கியது. மார்ச் 7 அன்று முதலில் விழுந்தது கோட்டை அல்ல, அதன் வடக்கே இருந்த பேட்டை. வியாபாரிகளும் நெசவாளர்களும் எண்ணெய் ஆட்டுபவர்களும் வாழ்ந்த ஊர் அது. அதன் வாசலில் கர்னல் மூர்ஹவுஸ் சுடப்பட்டு இறந்தார். இரண்டு வாரம் கழித்து, மார்ச் 21 இரவில், பீரங்கிகள் திறந்துவைத்த உடைப்பின் வழியாகப் படை கோட்டைக்குள் ஏறியது. கோட்டைத் தளபதி பகதூர் கான் உடைப்பில் நின்று போரிட்டு உயிர்விட்டார். அவருடைய வீரத்தை எதிரிகளின் பதிவுகளும் மதிப்போடு சொல்கின்றன.

அந்த முற்றுகையின்போது கிளாட் மார்ட்டின் வரைந்த வரைபடம் இன்றும் கிடைக்கிறது. பின்னாளில் லக்னோவின் லா மார்ட்டினியர் கல்லூரிக்குக் காரணமாக இருந்த அதே பிரெஞ்சுக்காரர்தான். தாக்குதலுக்குத் துணையாக வரைந்த படம், இன்று நமக்கு நகரத்தின் பிறப்புச் சான்றிதழுக்கு அடுத்தபடியான ஆவணம். கோட்டையின் முட்டை வடிவம், அதன் வெளிவிளிம்பில் அகழிப் பட்டை, வடக்கே பெரிதாக விரியும் பேட்டை எல்லாம் அதில் தெளிவாகத் தெரிகின்றன. பேட்டையைச் சுற்றி இருந்த மதில் அவ்வளவு வலுவானதல்ல. ஆனால் மதிலுக்கு வெளியே அகழியும் அடர்ந்த முட்புதர்ப் பட்டையும் ஊரையே வளைத்து நின்றன.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. மதில், மதிலுக்கு வெளியே அகழி, அகழிக்கு வெளியே காவற்காடு என்பது நம் புறத்திணை மரபு அடுக்கிக் காட்டும் ஊர்க்காவல். மதிலை வளைப்பவனுக்கு உழிஞை, காப்பவனுக்கு நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாகவே வகுத்தது. அரணின் உறுப்புகளைச் சொல்லும் வள்ளுவரும் நீரில்தான் தொடங்குகிறார். பிறகே நிலமும் மலையும் காடும் வருகின்றன. கவிதையில் படித்து, பழங்காலத்துக்கே உரியது என்று நாம் நினைத்திருந்த ஒரு காவல்முறை, 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை தக்காணத்து ஊர்களில் உயிரோடு இருந்திருக்கிறது. 1800-ல் புக்கானன் கண்ட மைசூர்ச் சீமையில் சிற்றூர்கள்கூட மண்மதிலும் வேலியும் கட்டிக்கொண்டு நின்றன.

பேட்டைக்குள் நடந்தேன். அவென்யூ ரோடிலிருந்து பிரியும் சந்துகளில் பட்டு, தானியம், வெள்ளி, காகிதம் என்று ஒவ்வொரு தெருவும் இன்றும் ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிழக்கே அல்சூர் வாசல் இருந்த இடத்தில் வாசல் இல்லை. அல்சூர் கேட் காவல் நிலையம் இருக்கிறது. அதற்குச் சற்று உள்ளே தர்மராயர் கோயில். சித்திரைப் பௌர்ணமி இரவில் இங்கிருந்துதான் கரகம் புறப்படுகிறது. தமிழ் மண்ணிலிருந்து வந்து இங்கே தோட்டம் போட்டுக் குடியேறியவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் திகளர் சமூகம் நடத்தும் விழா அது. கரகம் பழைய பேட்டையின் தெருக்களைச் சுற்றி, தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்வருகிறது. மதில் இடிந்து, அகழி தூர்ந்து, வாசல் பெயரளவில் நின்ற பிறகும் பழைய ஊரை ஆண்டுக்கு ஒருமுறை மனிதர்கள் காலால் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

காஞ்சியிலிருந்து வந்தவர்கள்

இந்த ஊரை 1537-ல் எழுப்பியவர் யெலகங்காவின் நாடபிரபு கெம்பேகௌடா. விஜயநகரத்தில் அச்சுதராயர் ஆண்டுகொண்டிருந்த காலம். தொட்டபேட்டையும் சிக்கபேட்டையும் சந்திக்கும் இடத்திலிருந்து நான்கு ஏர்கள் நான்கு திசையில் புறப்பட்டன, அவை நின்ற இடங்களில் வாசல்கள் எழுந்தன என்று ஊர்க்கதை சொல்கிறது. இன்னொரு கதை துயரமானது. வாசல் கட்டக் கட்ட இடிந்து விழுந்ததாம். பலி கேட்கிறது என்று பேச்சு வந்ததும், கெம்பேகௌடாவின் மருமகள் லட்சுமம்மா யாருக்கும் சொல்லாமல் தன்னையே கொடுத்தாளாம். கோரமங்களாவில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. இந்தக் கதையின் உண்மை எப்படியாயினும், மண்மதில் சரிவது உண்மை. அகழியின் விளிம்புக்கு மிக அருகே மதிலை எழுப்பினால், மழையில் விளிம்பு கரைந்து மதிலையும் சேர்த்து இழுக்கும். கோட்டை கட்டிய தலைமுறைகள் இதைப் பட்டு உணர்ந்திருப்பார்கள்.

மண்கோட்டை என்பது ஒரே உழைப்பில் இரண்டு வேலை. பள்ளம் தோண்டினால் அகழி. தோண்டிய மண்ணை உள்பக்கம் குவித்தால் மதில். கல் வெட்ட ஆள் வேண்டாம், சுமந்துவர வண்டி வேண்டாம். ஒரு பாளையக்காரரால், தன் குடிகளின் மண்வெட்டியையும் கூடையையும் மட்டும் நம்பி, ஒரு கோடையில் இதைச் செய்து முடிக்க முடியும். அதனால்தான் இந்தச் சீமையில் பேரரசர்களின் கோட்டைகளைவிடச் சிறு தலைவர்களின் மண்கோட்டைகளே அதிகம்.

அந்தச் சிறு தலைவர்களில் ஒரு குடும்பக் கதை நம்மைத் தொடுகிறது. காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து ஏழு சகோதரர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணை ஒரு சிற்றரசனின் கட்டாயத் திருமணத்திலிருந்து காப்பாற்ற இரவோடு இரவாகப் புறப்பட்டார்கள். பாலாற்றில் வெள்ளம். அந்தப் பெண் தன் காதணியைக் கழற்றி ஆற்றில் போட, வெள்ளம் விலகி வழிவிட்டது. அவர்கள் வந்து சேர்ந்த இடம் நந்தி மலைக்கு அருகே உள்ள ஆவதி. அவர்களுடைய வழியினர் தேவனஹள்ளி, தொட்டபல்லாபூர், சிக்கபல்லாபூர் என்று பிரிந்து ஆண்டார்கள். கெம்பேகௌடாவின் முன்னோரும் இதே மரபோடு இணைத்துப் பேசப்படுகிறார்கள். இது மரபுக் கதைதான். ஆனால் பாலாற்றுப் படுகைக்கும் இந்தப் பீடபூமிக்கும் இடையே மக்கள் வந்துபோய்க்கொண்டிருந்ததற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. மடிவாளா சோமேஸ்வரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கெம்பேகௌடாவுக்கு நூற்றாண்டுகள் முன்பே இங்கே ஏரியும் வயலும் தானமும் தமிழில் எழுதப்பட்டிருக்கின்றன.

இங்கிலாந்தின் வீட்டகழிகள்

அகழி சூழ்ந்த சிறு தலைவர்களின் இருப்பிடங்களை ஒரு தனித் தொல்லியல் வகையாக எடுத்து ஆராய்ந்த நாடு இங்கிலாந்து. அங்கே அகழி சூழ்ந்த இடைக்கால வீடுகளின் தடங்கள் ஏறத்தாழ 6,000 கண்டறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை 1250-க்கும் 1350-க்கும் இடைப்பட்டவை. சதுரமாகவோ நீள்சதுரமாகவோ ஒரு மேடு. சுற்றிலும் நீர் நிறைந்த அகழி. ஒரே ஒரு வழி. மேட்டின் மேல் வீடு, கூடம், சமையல்கட்டு, களஞ்சியம், சில இடங்களில் சிறு தேவாலயம். கென்ட் பகுதியின் இட்தம் மோட் போல ஒருசில வீடுகள் இன்றும் முழுமையாக நிற்கின்றன. மற்றவற்றில் வயலுக்கு நடுவே ஒரு பள்ளமும் மேடும்தான் மிச்சம்.

இவற்றைத் தோண்டியவர்கள் நின்று யோசித்த கேள்வி, இந்த அகழி எதற்கு என்பது. பெரிய படையை இது தடுக்காது. கட்டியவர்களும் பெரும் பிரபுக்கள் அல்லர். சிறு நிலக்கிழார்கள், வசதியான குடியானவர்கள், மடங்கள். ஆடு மாடு திருடுபவர்களையும் காட்டு விலங்கையும் தடுக்கலாம், வீட்டு நிலத்தின் ஈரத்தை வடிக்கலாம், மீன் வளர்க்கலாம், தீப்பிடித்தால் தண்ணீர் கிடைக்கும். இவை எல்லாவற்றையும்விட, நான் சாதாரணக் குடி அல்லன் என்று ஊருக்குச் சொல்லலாம். பயன், பாதுகாப்பு, கௌரவம் மூன்றும் ஒரே பள்ளத்தில் இருந்தன. நம் பாளையக்காரரின் மண்கோட்டைக்கும் இது அப்படியே பொருந்தும். பேரரசரிடம் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டும் உரிமை பெற்றவர் என்பதே அவருடைய தகுதிச் சான்று.

இங்கிலாந்தின் அகழிகள் தொல்லியலாளருக்குப் புதையலானதற்குக் காரணம் சேறு. அங்கே களிமண் நிலம்; தண்ணீர் வற்றுவதில்லை. காற்றுப் புகாத சேற்றில் மரமும் தோலும் மட்குவதில்லை. செருப்பு, மரக்கிண்ணம், பாலத்தின் தூண், கூடை, பழக்கொட்டை, மகரந்தத்தூள் எல்லாம் அப்படியே கிடைக்கின்றன. மேட்டின் மேலிருந்த வீடு இடிந்து, கல்லும் மரமும் வேறு வீடுகளுக்குப் போயிருக்கும். அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், என்ன உடுத்தினார்கள், சுற்றிலும் என்ன மரம் நின்றது என்பதை அகழி சொல்லிவிடுகிறது.

நம் நிலம் வேறு. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், ஒரு முதுகெலும்பின் மேல் அமர்ந்திருக்கிறது. மேற்கே பெய்யும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்கே பெய்வது தென்பெண்ணையாகி ஓசூர், கிருஷ்ணகிரி வழியே கடலூருக்கு வருகிறது. வற்றாத ஆறு எதுவும் ஊருக்குள் இல்லை. செம்மண்ணும் சரளையும் தண்ணீரை விரைவில் உறிஞ்சிவிடும். ஆகவே இங்கே அகழி மழைக்கு நிறைந்து கோடையில் காய்வதே இயல்பு. இங்கே தோலும் மரமும் அவ்வளவு எளிதில் பிழைக்காது. ஆனால் வேறு பல பிழைக்கும். தீயில் கருகிய ராகியும் கொள்ளும் நூற்றாண்டுகள் தாங்கும். தாவரச் செல்களுக்குள் உருவாகும் நுண்ணிய சிலிக்காத் துகள்கள், செடி மட்கிய பிறகும் மண்ணில் நின்று, அது நெல்லா புல்லா என்று காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு மழைக்கும் அடித்துவரும் வண்டல் ஒரு மெல்லிய படலமாகப் படியும். எலும்பு, நத்தையோடு, சட்டி ஓடு, இரும்புக் கசடு எல்லாம் தங்கும்.

படலத்தைப் படிப்பது

ஓர் அகழியைக் குறுக்கே வெட்டினால் அதன் வாழ்க்கை அடுக்கடுக்காகத் தெரியும். அடியில், தோண்டிய சில மழைகளுக்குள் விளிம்பிலிருந்து சரிந்த கட்டிமண். அதன் மேல் ஆண்டுக்கணக்கில் மெதுவாகப் படிந்த நுண்வண்டல். ஊர் அமைதியாக இருந்த காலம். அதன் மேல் சாம்பலும் குப்பையும் எலும்பும். அகழியைக் காப்பதை ஊர் கைவிட்ட காலம். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே மூச்சில் கொட்டி நிரவிய இடிபாடு. கரியை வைத்துக் கரிமக் கணிப்பும், மணல்மணி கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் ஒளித்தூண்டல் கணிப்பும் செய்தால் ஒவ்வொரு அடுக்குக்கும் காலம் வகுக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பயன்பாட்டில் இருக்கும் அகழியைத் தூர்வாரிக்கொண்டே இருப்பார்கள். தூர்வாரும்போது பழைய அடுக்குகள் போய்விடும். ஆகவே அகழி பெரும்பாலும் தன் கடைசிக் காலத்தைத்தான் சொல்லும். முதற்காலம் மதிலின் அடியில் இருக்கிறது. குவித்த மண்ணுக்குக் கீழே, அது குவிந்த நாளில் இருந்த நிலத்தரை அப்படியே மூடப்பட்டுக் கிடக்கும். அகழியின் வண்டலையும் மதிலின் அடித்தரையையும் ஒரே வெட்டில் சேர்த்துப் பார்த்தால்தான் கதை தலையும் வாலுமாகக் கிடைக்கும். இந்தியாவில் மதிலை ஊடறுத்து வெட்டி அடுக்குகளைப் படிக்கும் முறைக்குப் பழக்கமுண்டு. மார்ட்டிமர் வீலர் 1946-ல் ஹரப்பாவில் மதிலை வெட்டிப் பார்த்தார். அவரிடம் பயின்ற பி.பி. லால் 1948-ல் ஒடிசாவின் சிசுபால்கரில் அதே முறையில் மதிலை ஆராய்ந்தார். அந்தக் கவனம் பெரிதும் பழங்கால நகரங்களுக்கே கிடைத்தது. நானூறு, ஐந்நூறு ஆண்டு வயதான பாளையக்காரர் கோட்டைகள் தொல்லியலுக்கு மிக இளையவை போலவும், வரலாற்றுக்கு மிகச் சிறியவை போலவும் நடுவில் விடுபட்டுப்போயின.

பெங்களூருவின் தெற்கே பேகூருக்குப் போனால் இந்த விடுபடல் கண்ணெதிரே தெரிகிறது. நாகேஸ்வரர் கோயில் வளாகத்தில் உள்ள வீரக்கல் கல்வெட்டு, சுமார் 890-ஐச் சேர்ந்தது, பெங்களூருவில் நடந்த ஒரு சண்டையில் இறந்தவரைப் பதிவு செய்கிறது. நகரத்தின் பெயர் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் அது முக்கியமானது. அதைப் பார்க்க மக்கள் வருகிறார்கள். பக்கத்தில் ஒரு மண்கோட்டையின் கரை, நடுவே காசி விஸ்வநாதர் கோயிலோடு கிடக்கிறது. அதைச் சுற்றி வீட்டு மனைகள் நெருங்கி நிற்கின்றன. கல்லில் எழுத்து இருப்பதால் கல் தப்பிக்கிறது. மண்கரையில் எழுத்து இல்லை; அதனால் அது வெறும் மேடாகப் பார்க்கப்படுகிறது. அந்த மேட்டின் காலம் எது, கல்வெட்டு எழுந்த கங்கர் காலத்துக் குடியிருப்போடு அதற்குத் தொடர்பு உண்டா என்பதற்கு ஒரே ஒரு குறுக்குவெட்டு விடை தந்துவிடும்.

தேவனஹள்ளி

ஹெப்பாள் மேம்பாலம் தாண்டி, கெம்பேகௌடாவின் யெலகங்காவைக் கடந்து, ஹைதராபாத் நெடுஞ்சாலையில் போனால் விமான நிலையத்துக்குப் பிரியும் வழி வரும். அங்கே திரும்பாமல் நேரே போக வேண்டும். நகரத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் தேவனஹள்ளி. விமான நிலைய வளாகத்தில் 108 அடி உயரக் கெம்பேகௌடா சிலை 2022-ல் நிறுவப்பட்டது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் இன்னும் சில கிலோமீட்டர் போனால், அவருடைய காலத்தவர்கள் எப்படிப்பட்ட ஊரில் வாழ்ந்தார்கள் என்பதைக் காணலாம்.

1501-ல் ஆவதி மரபைச் சேர்ந்த மல்லபைரே கௌடா இங்கே மண்கோட்டை கட்டினார். 1749-ல் மைசூர்ப் படை இதை முற்றுகையிட்டு எடுத்தது. அந்த முற்றுகையில்தான் ஹைதர் அலி என்ற வீரர் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டார். பின்னர் ஹைதரும் திப்புவும் இதைக் கல்லால் கட்டினார்கள். 1791-ல் கார்ன்வாலிஸ் கைப்பற்றினார். சுமார் 20 ஏக்கர் பரப்பு, முட்டை வடிவம், 12 அரைவட்டக் கொத்தளங்கள், கிழக்கும் மேற்கும் வாசல்கள். மதிலின் மேல் ஏறி நடக்கலாம். பீரங்கிக்கான திறப்புகள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைந்தவை. கோட்டைக்கு வெளியே, திப்பு பிறந்த இடம் என்று ஒரு சிறு தூண் மண்டபம் இருக்கிறது.

டெல்லி வாசலில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது. கோட்டைக்குள் ஊர் இன்னும் இருக்கிறது. வேணுகோபால சுவாமி கோயில் வாசலில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். திண்ணைகளில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மாடு கட்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தின் புகழ்பெற்ற சக்கோட்டா, அதாவது பம்பளிமாஸ், புவிசார் குறியீடு பெற்ற பழம். கொத்தளத்தின் மேல் நின்றால் ஒரு பக்கம் ஓட்டுக்கூரைகளும் மறுபக்கம் தரையிறங்கும் விமானங்களும் தெரிகின்றன. மதிலின் வெளிப்புறத்தை ஒட்டி நடந்தேன். சில இடங்களில் நிலம் தாழ்ந்து, புதர் மண்டிக் கிடக்கிறது. சில இடங்களில் சாலையும் கட்டடமும் மதிலருகே வந்துவிட்டன. இந்தத் தாழ்வான பட்டைதான் நான் தேடி வந்தது. ஐந்நூறு ஆண்டுகளாக மக்கள் தொடர்ந்து வாழும் ஒரு சிற்றூரின் சாப்பாடும் தொழிலும் நோயும் பஞ்சமும் இங்கே படிந்திருக்க வாய்ப்பு அதிகம். ராகி எப்போது பெருகியது, அவரையும் துவரையும் எவ்வளவு விளைந்தன, ஆட்டு எலும்பு கூடியதா குறைந்ததா, பட்டுக்கான மல்பெரி எப்போது வந்தது என்பதையெல்லாம் அரசர்களின் கல்வெட்டு எழுதவில்லை. நிலத்தானம் கொடுத்தவன் பெயரைக் கல் வைத்திருக்கிறது. அந்த நிலத்தில் உழைத்தவளின் அடுப்புச் சாம்பலை அகழிதான் வைத்திருக்கிறது.

என்ன செய்யலாம்

பெங்களூருக் கோட்டையும் திப்பு அரண்மனையும் தேவனஹள்ளிக் கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும், இப்படிப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத்தைத் தடை செய்கின்றன. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு ஒழுங்குபடுத்துகின்றன. நல்ல சட்டம். ஆனால் அளவை எடுப்பது பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்துதான். பெங்களூருக் கோட்டையில் நிற்பது ஒரு சிறு துண்டு. மீதி முட்டை வடிவமும் அதன் அகழியும் மருத்துவமனை வளாகங்களுக்கும் சாலைகளுக்கும் அடியில் இருப்பதால், அவற்றுக்கு அந்தக் காவல் முழுமையாகக் கிடைப்பதில்லை. பேட்டையின் அகழிக்கு எந்தக் காவலும் இல்லை.

நம் ஊர்களில் தூர்வாருதல் நல்ல காரியம். ஏரியைத் தூர்வாரினால் நீர் நிற்கும். ஆனால் ஒரு பழங்கோட்டையின் அகழியை ஜேசிபி விட்டு ஒரே வாரத்தில் வாரி எடுத்தால், அங்கே படிந்த காலம் முழுவதும் ஒரே குவியலாகிவிடும். சென்னையிலிருந்து பெங்களூரு வரும் வழியில் வேலூர்க் கோட்டை அகழி இன்றும் தண்ணீரோடு இருக்கிறது. இப்படிப்பட்ட அகழிகளில் கை வைக்கும்போதெல்லாம், மண்ணை எடுப்பதற்கு முன் சில இடங்களில் குழாய் இறக்கி மாதிரி எடுத்து வைப்பதற்கு அதிகச் செலவு ஆகாது. அந்த மாதிரியை இன்று ஆராய ஆளில்லை என்றாலும் நாளை ஒரு மாணவர் ஆராய்வார்.

பெங்களூருவில் இதற்கு ஏற்ற மனிதர்கள் இருக்கிறார்கள். தெருவோரத்தில் துணி துவைக்கும் கல்லாகவும், சாக்கடை மேல் பாலமாகவும் கிடந்த கல்வெட்டுகளைத் தன்னார்வலர்கள் தேடிப்பிடித்துப் பட்டியலிட்டார்கள். 1909-ல் தொடங்கிய மிதிக் சொசைட்டி அவற்றை முப்பரிமாண முறையில் பதிவு செய்துவருகிறது. 1905-ல் பி.எல். ரைஸ் வெளியிட்ட பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிக்கு நூறாண்டு கழித்து, அதே கற்களைத் தேடி மக்களே தெருவில் இறங்கியது இந்த நகரத்தின் பெருமை. அதே கைகள் அகழிகளையும் எடுத்துக்கொள்ள முடியும்.

செய்ய வேண்டியவை எளியவை. 1791 வரைபடத்தை இன்றைய நகரப் படத்தின் மேல் பொருத்தி, கோட்டை அகழியும் பேட்டை அகழியும் எந்தெந்தத் தெருவின் அடியில் போகின்றன என்று ஒரு கோடு வரைய வேண்டும். அந்தக் கோட்டின் மேல் அடித்தளம் தோண்டவோ குழாய் பதிக்கவோ அனுமதி கேட்டால், ஒரு தொல்லியலாளர் உடன் நிற்பது அனுமதியின் நிபந்தனையாக வேண்டும். வேலையை நிறுத்தத் தேவையில்லை. வெட்டிய பக்கச்சுவரைப் படம் எடுக்கவும், ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு பை மண் எடுத்து வைக்கவும் சில மணி நேரம் கொடுத்தால் போதும். தேவனஹள்ளியில் மதிலுக்கு வெளியே திறந்திருக்கும் பட்டையை, அதன் மேல் கட்டடம் எழுவதற்கு முன், அகழி என்று அளந்து எல்லைக்கல் நட வேண்டும். பேகூர் மண்கரையில் ஒரு குறுக்குவெட்டுப் போட வேண்டும். பெங்களூரு இன்னும் பல ஆண்டுகளுக்குத் தன்னைத் தோண்டிக்கொண்டேதான் இருக்கும். மெட்ரோவின் புதிய தடங்களும் சுரங்கச் சாலைகளும் வரத்தான் போகின்றன. அந்தக் குழிகள் ஒவ்வொன்றிலும் நகரத்தின் வரலாற்றைப் படிக்க ஒருமுறைதான் வாய்ப்பு வரும். ஆகவே அந்த அகழித் தடத்தை, அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்பே வரைந்து முடித்திருக்க வேண்டும்.